நின்னா கொதிக்குதா, ஓடுனா கொதிக்குதா?

என்னிடம் இருப்பது 2002 மாடல் செவர்லே கார்வெட். ஐந்தாம் தலைமுறை, கார்வெட் ஆட்கள் சி5 என்பார்கள். 1997 முதல் 2004 மாடல் வரை வந்தது. 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 எஞ்சின், ஆறு கியர் மேனுவல். போன ஜனவரியில் ஹூஸ்டனிலேயே ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். குளிர்காலம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை மதியம், 290-ஆம் நெடுஞ்சாலையில் ஆஸ்டினை நோக்கிப் போகும்போது, ப்ரென்ஹம் தாண்டியதும் டேஷ்போர்டில் 'கூலன்ட் ஓவர் டெம்ப்' என்று எழுத்து வந்து மணியடித்தது. வெளியே 38 டிகிரி. எஞ்சினுக்குள் சுற்றிச் சூட்டை எடுக்கும் திரவமான கூலன்ட் 120-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பினேன். அந்த வெயிலில் முகத்தில் அனல் அடிக்கும், ஆனாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சினில் இருந்து கொஞ்சம் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன். கூலன்ட் டாங்கின் மூடியைத் தொடவில்லை. பாதிக்குப் பாதி கூலன்ட்டும் தண்ணீரும் கலந்த கலவை திறந்த பாத்திரத்தில் 106 டிகிரிக்குப் பக்கத்தில் கொதித்துவிடும். 15 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் மூடி போட்டு இறுக்கினால் அதே கலவை 129 டிகிரி வரை கொதிக்காது. அதாவது சூடான நேரத்தில் அதைக் கொதிக்கவிடாமல் அடக்கி வைத்திருப்பது அந்த மூடி ஒன்றுதான். திறந்த நொடியில் அவ்வளவும் நீராவியாகக் கையில் பாயும். தயவுசெய்து யாரும் இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். எஞ்சின் ஆறி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் மெத்தென்று அமுங்கும்வரை காத்திருங்கள்.

எல்எஸ்1-ல் பிளாக் என்கிற எஞ்சின் உடம்பும், அதன் மேல் மூடும் ஹெட்டும் இரண்டுமே அலுமினியம். அலுமினியம் சூட்டில் சுலபமாகக் கோணும். ஹெட் கோணினால் இரண்டுக்கும் நடுவில் இறுக்கி அடைக்கும் கேஸ்கெட் போகும், அதற்குப் பிறகு ஆகும் செலவு வேறு கணக்கு. இந்த எஞ்சினில் ஒரு தற்காப்பு ஏற்பாடு உண்டு. அளவு மீறிச் சூடானால் கம்ப்யூட்டர் சிலிண்டர்களை மாற்றி மாற்றி அணைக்கும், எரியாத சிலிண்டர்களுக்குள் போகிற காற்றே எஞ்சினை ஆற்றும். அப்படி நடந்தால் கம்ப்யூட்டரில் பி1258 என்ற கோளாறு எண், அதாவது கோட், பதிவாகும். அந்த நிலைக்கு முன்பே நிறுத்திவிட்டேன்.

ஃப்ளாட்பெட் வரவழைத்துக் காரை ஏற்றி, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இறக்கினேன். திங்கட்கிழமை அவர்கள் சொன்னது: ரேடியேட்டர், வாட்டர் பம்ப், சூட்டைப் பார்த்துக் கூலன்ட்டுக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் மூன்றையும் மாற்றிவிடலாம். எதைச் சோதித்துப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். வயசான கார், எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்றார்கள். தொகை எங்கள் வீட்டுக் கடன் மாதத் தவணையைவிட அதிகம். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். காரணம் தெரியாமல் மூன்று பாகத்தை மாற்றினால், நாளைக்கு மறுபடி மணியடிக்கும்போது எனக்குத் தெரிந்தது இன்றைக்குத் தெரிந்த அதே அளவுதான் இருக்கும். காரை வீட்டுக்குக் கொண்டுவந்து கராஜில் விட்டேன். கராஜ் வரை அது நல்ல பிள்ளையாகத்தான் வந்தது. அதுவே ஒரு தடயம் என்று அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை. உறைக்க வைத்தது அப்பா.

அப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். தொப்பூர் கணவாயில் லோடு வண்டியை ஏற்றி இறக்கியே பாதி வாழ்க்கை போயிருக்கிறது. கார்வெட் என்ற பேரெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. போனில் சொன்னதும் முதலில் கேட்டது இதுதான்.

"ஏங்கண்ணு, நின்னா கொதிக்குதா, ஓடுனா கொதிக்குதா?"

"ஓடுனாத்தானுங்கப்பா. சிக்னல்ல நின்னா ஏறுது, ஃபேன் போட்டதும் எறங்கிருது. ரோட்டுல அறுபது எழுபது மைல்ல போனாத்தான் நிக்காம ஏறுது."

"தண்ணி கொறையுதா?"

"இல்லீங்கப்பா, கோடு வரைக்கும் நிக்குது."

"அப்பறம் எதுக்கு வாட்டர் பாடி மேல கைய வெக்கறான்? மொதல்ல மூஞ்சிக்குக் காத்து வருதான்னு பாரு சாமி."

வாட்டர் பாடி என்று அப்பா சொல்வது வாட்டர் பம்பை. அவர் கேட்டதில் ஒரு முழுப் பாடமே இருக்கிறது. நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று தருவது ஃபேன். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே போதும், ஃபேனுக்கு வேலை இல்லை. ஆகவே நிற்கும்போது மட்டும் சூடு ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ் பக்கம் போக வேண்டும். நிற்கும்போது சமாளித்து, ஓடும்போது ஏறினால் ஒன்று காற்று நுழையவில்லை, அல்லது அந்த வேகத்தில் எஞ்சின் தள்ளும் சூட்டுக்கு ஈடாகத் தண்ணீர் சுற்றவில்லை. ரெண்டு நேரமும் ஏறினால், அதுவும் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஏறினால், தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டியிருக்கிறதா, தண்ணீர் குறைந்திருக்கிறதா, கேஸ்கெட் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த நேரத்தில் ஏறுகிறது என்பதை ஒர்க்‌ஷாப்பில் யாருமே என்னிடம் கேட்கவில்லை.

சி5 வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி அமைப்பில் இதன் ஃபேன் சுமார் 108 டிகிரியில்தான் மெதுவாகச் சுற்றத் தொடங்கும், 113-க்குப் பக்கத்தில் முழு வேகம். தெர்மோஸ்டாட் 86 டிகிரி வாக்கில் திறக்கும். நடுவில் இருக்கும் இருபது டிகிரி இடைவெளியைப் பார்த்துப் புதிதாக வாங்கியவர்கள் பதறுவார்கள். டிராஃபிக்கில் 105, 106 என்று காட்டினால் அது கோளாறு இல்லை. நெடுஞ்சாலையில் 90-ஐ ஒட்டி நிற்க வேண்டிய எண் நிற்காமல் ஏறுகிறது என்றால் அதுதான் கோளாறு.

அப்பா சொன்னார் என்பதற்காக மற்றதையெல்லாம் விட்டுவிடவும் மனசில்லை. ஓடும்போது ஏறுவதற்குப் பம்பும் காரணமாகலாம், ரேடியேட்டர் குழாய்களுக்குள் அடைப்பும் காரணமாகலாம். ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுப் போகலாம் என்று தீர்மானித்தேன்.

முதலில், காட்டுகிற எண் நிஜமா? இதற்கு ஒரு கருவியும் வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற காரில் காலையில் எஞ்சினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பி, 'கேஜஸ்' பட்டனை அமுக்கி அமுக்கிப் போனால் ஆயில் சூடும் கூலன்ட் சூடும் வரும். ரெண்டும் வேறு வேறு சென்சார். ராத்திரி ஆறிய எஞ்சினில் ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கராஜில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டரோடும் ஒத்துப்போக வேண்டும். மூன்றும் ஒத்துப்போயின. சென்சார் பொய் சொல்லவில்லை.

அடுத்து கோட். இந்தக் காரில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது: ஸ்கேனர் இல்லாமலே டேஷ்போர்டில் கோட் படிக்கலாம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, எஞ்சினைப் போடாமல், வந்திருக்கும் செய்திகளை 'ரீசெட்' பட்டனால் அழித்துவிட்டு, 'ஆப்ஷன்ஸ்' பட்டனை அமுக்கிப் பிடித்தபடி 'ஃப்யூயல்' பட்டனை நான்கு முறை அமுக்க வேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தன்னிடம் இருப்பதைச் சொல்லிக்கொண்டு வரும். எஞ்சின் கம்ப்யூட்டரின் எண் 10. கோடுக்குப் பின்னால் சி இருந்தால் இப்போது இருக்கும் கோளாறு, எச் இருந்தால் எப்போதோ வந்து போனது. கூலன்ட் சென்சார் கோளாறு என்றால் பி0117 அல்லது பி0118, ஃபேன் ரிலே என்றால் பி0480, பி0481 வந்திருக்கும். எதுவும் இல்லை. பி1258-ம் இல்லை. அதைப் பார்த்தபோதுதான் நிம்மதியாக மூச்சு வந்தது.

பிறகு பிரஷர் டெஸ்ட். அமெரிக்காவில் ஆட்டோஜோன் மாதிரி உதிரிபாகக் கடைகளில் இந்தக் கருவியை முன்பணம் கட்டி எடுத்து வரலாம். திருப்பிக் கொடுத்தால் பணம் முழுசாகக் கையில் வந்துவிடும். எஞ்சின் ஆறியிருக்கும்போது டாங்க் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கருவியைப் பொருத்தி, சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல அடித்து, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. கால் மணி நேரமாகியும் முள் அசையவில்லை. எங்கேயும் சொட்டு இல்லை. அதே கருவியில் மூடியையும் சோதிக்கலாம், அதுவும் பிடித்தது. கேஸ்கெட் சந்தேகத்துக்கு நீல நிறத் திரவம் ஒன்று விற்கிறார்கள். ஓடும் எஞ்சினின் கூலன்ட் டாங்குக்கு மேலே வரும் காற்றை அதன் வழியாக உறிஞ்ச வேண்டும். எரிந்த புகை கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். நீலமாகவே இருந்தது. ஆயில் குச்சியிலும் கூலன்ட் கலந்ததைக் காட்டும் பால் நிறம் இல்லை.

ஃபேன் சோதனைக்கு ஏசியைப் போட்டாலே போதும், ரெண்டும் சுற்ற வேண்டும். மெதுவான வேகத்தில் இந்த ரெண்டு ஃபேனும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே சர்க்யூட்டில் இருக்கின்றன. ஒரு மோட்டார் செத்தால் மற்றதும் நின்றுவிடும். அதனால் ரெண்டும் நிற்பதைப் பார்த்து ரெண்டும் போச்சு என்று முடிவு கட்டக் கூடாது. என் காரில் ரெண்டுமே ஒழுங்காகச் சுற்றின.

கடைசியாக அகச்சிவப்பு தெர்மாமீட்டர், துப்பாக்கி மாதிரி நீட்டினால் சூடு காட்டுவது. எஞ்சின் சூடானபின் ஃபேன் இடுக்கு வழியாக ரேடியேட்டர் முழுக்கப் படம் வரைவது போல அளந்தேன். உள்ளே குழாய் அடைத்திருந்தால் அந்தப் பட்டை மட்டும் குளிர்ந்து கிடக்கும். அப்படிப் பட்டை எதுவும் தெரியவில்லை. தண்ணீர் நுழையும் பக்கத்தில் இருந்து வெளியேறும் பக்கம் போகப் போகச் சீராக இறங்கியது. ஹீட்டரில் காற்று கொதிக்கக் கொதிக்க வந்தது. பம்பு தண்ணீரைத் தள்ளுகிறது, ரேடியேட்டருக்குள் பாதை திறந்திருக்கிறது. மாற்றச் சொன்ன மூன்றில் எதன் மேலும் குற்றம் சொல்ல ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை.

மிச்சம் அப்பா சொன்ன காற்று.

சி5-க்கு முன்னால் கிரில் என்று சொல்லும்படியாக ஒன்றுமில்லை. மூக்கு வழவழவென்று கீழே இறங்கிவிடும். ரேடியேட்டருக்கான காற்று வண்டிக்கு அடியில் இருந்துதான் வருகிறது. மூக்குக்குக் கீழே தரையை நோக்கித் தொங்கும் ஒரு கறுப்புத் தடுப்பு உண்டு, ஏர் டேம் என்பார்கள். நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் மூன்று துண்டு. பார்க்க ஏதோ சேறு தடுக்க மாட்டிய பட்டை மாதிரி இருக்கும். அது செய்யும் வேலை பெரியது. அடியில் ஓடும் காற்றை மறித்து மேலே ரேடியேட்டர் பக்கம் திருப்புகிறது. அதோடு, தனக்குப் பின்னால் எஞ்சினுக்கு அடியில் அழுத்தத்தைக் குறைத்து, ரேடியேட்டர் வழியாக வந்த காற்றை வெளியே இழுக்கிறது. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் காற்று வழுக்கிக்கொண்டு வண்டிக்கு அடியிலேயே ஓடிவிடும். நின்றால் ஃபேன் இழுத்துக்கொள்ளும், ஓடினால் இழுக்க ஆள் இல்லை. என் காரின் நோய்க்குறி அச்சுப் பிசகாமல் இதுதான்.

இந்தக் காரை ஜாக்கி போட்டுத் தூக்குவதே ஒரு வேலை. உடம்பு ஃபைபர், விளிம்பில் வைத்தால் உடையும். அடியில் ஃப்ரேமில் நீள ஓட்டைகள் நான்கு இருக்கின்றன. அதில் மாட்டுவதற்கென்றே கட்டைகள் விற்கிறார்கள். பலர் ஐஸ் ஹாக்கி ஆடும் ரப்பர் வட்டில் போல்ட் போட்டுத் தாங்களே செய்துகொள்கிறார்கள். நானும் செய்துகொண்டேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாமல், ஸ்டாண்டு வைத்து, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

டார்ச் அடித்தால், நடுத் துண்டு இல்லை. போல்ட் இருந்த இடத்தில் கிழிந்த பிளாஸ்டிக் காதுகள் மட்டும் தொங்கின. ஒரு பக்கத் துண்டு பாதி. இந்தத் துண்டுகள் பார்க்கிங் கல்லில் உரசி உரசிக் கிழிவது சகஜம். கிழிந்த விளிம்பெல்லாம் வெளுத்து அழுக்கேறி இருந்தது, புதுக் கிழிசல் இல்லை. ஜனவரியில் வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கும், குளிரில் வெளியே தெரியவில்லை.

"ஏங்க, அந்த லைட்டைக் கொஞ்சம் மேல காட்டுங்க" என்று வீட்டுக்காரரிடம் கேட்டு ஏசி கண்டென்சரைப் பார்த்தேன். அதன் கீழ்ப் பாதி முழுக்க ஒரு சாம்பல் நிறப் படலம். வளைகுடாக் கரையில் இருப்பவர்களுக்கு லவ்பக் தெரியும்: மே மாதமும் செப்டம்பரிலும் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு ரோடு முழுக்கப் பறக்கும் கறுப்புப் பூச்சி. அதுதான் அரைத்த மாதிரி அப்பிக் காய்ந்திருந்தது. ஆனால் பெரிய அடைப்பு அங்கே இல்லை. கண்டென்சருக்குப் பின்னால்தான் ரேடியேட்டர். நடுவில் ஒரு சின்ன இடைவெளி. முன்னாலிருந்தும் தெரியாது, ஃபேன் பக்கமிருந்தும் தெரியாது. மேலே இருக்கும் பிளாஸ்டிக் கவசத்தையும் ரேடியேட்டரைப் பிடித்திருக்கும் மேல் பிராக்கெட்டையும் கழற்றினால் ரேடியேட்டர் எஞ்சின் பக்கம் கொஞ்சம் சாயும், அப்போது அந்த இடைவெளி திறக்கும்.

திறந்தது. அடி வரை அடர்ந்து கிடந்தது. ஓக் இலை, பைன் ஊசி, யாரோ தூக்கிப் போட்ட மளிகைப் பையின் ஒரு கிழிசல், வெடித்த டயரின் ரப்பர் நார். அடியில் இருந்தது ஈரம் பட்டு, காய்ந்து, மறுபடி ஈரம் பட்டுக் கம்பளி மாதிரி ஒரே பாளமாகிவிட்டிருந்தது. விரலை விட்டு ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே பெயர்ந்து வந்தது, ஒரு பக்கத்தில் ரேடியேட்டர் தகடுகளின் வரி வரியான அச்சு பதிந்திருந்தது. எத்தனையோ வருஷம் அது அங்கேயே அழுந்தி இருந்திருக்கிறது. வீட்டுக்காரர் டார்ச்சைப் பிடித்தபடி, "இவ்வளவும் உள்ளேயா இருந்துச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கையால் எடுக்க முடிந்ததை எடுத்து, மீதியை வேக்குவம் குழாயால் இழுத்தேன். பிறகு தோட்டத்துக் குழாயில் சன்னமான தண்ணீர். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். அந்தத் தகடுகள் காகிதம் போல மெல்லியவை, மடங்கினால் அந்த இடம் காற்றுக்கு அடைத்ததுதான். திசையும் முக்கியம். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கி அடித்தால் வந்த வழியே குப்பை வெளியேறும். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய் அடையும். பூச்சிப் படலத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தகடு போகும் போக்கிலேயே தேய்த்தேன். முதலில் கறுப்பாக வடிந்த தண்ணீர் தெளிவாக ஆகும்வரை நிறுத்தவில்லை.

ஏர் டேம் மூன்று துண்டும் புதிதாக வரவழைத்தேன். ஒர்க்‌ஷாப் சொன்ன தொகைக்குப் பக்கத்தில் வைத்தால் அதெல்லாம் ஒரு செலவே இல்லை. மாட்டும்போது பழைய கிளிப்பை மறுபடி உபயோகிக்காதீர்கள். பாதி உடைந்துதான் இருக்கும், நெடுஞ்சாலைக் காற்றுக்குத் தாங்காது.

அதே 290-இல், அதே மதிய வெயிலில், ஏசி போட்டுக்கொண்டு ப்ரென்ஹம் வரை போனேன். 91, 92. எழுபது மைல் வேகத்தில் 93-க்கு மேல் போகவே இல்லை. திரும்பி வரும்போது ஹூஸ்டனை ஒட்டிய சைப்ரஸ் என்ற ஊர்ப் பக்கம் நெரிசலில் நின்றபோது 108 வரை ஏறி, ஃபேன் சத்தம் கேட்டது, இறங்கியது. இந்தக் கார் நடந்துகொள்ள வேண்டியது அப்படித்தான்.

அந்த மூன்று பாகத்தையும் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். ரேடியேட்டரை வெளியே எடுக்கும்போது குப்பை தானாகக் கீழே விழுந்திருக்கும், சூடும் கொஞ்சம் குறைந்திருக்கும். ரேடியேட்டர்தான் காரணம் என்று எல்லோரும் நம்பியிருப்போம். கிழிந்த ஏர் டேம் கிழிந்தபடியே இருந்திருக்கும், அடுத்த ஆகஸ்ட்டில் மறுபடி மணி. எனக்கு இதில் கோபம் வருவது அந்த இடத்தில்தான். சரியான கேள்வியைக் கேட்காமல் செய்யும் ரிப்பேர், பாதி பலித்தாலும்கூட, அடுத்த கோளாறைக் கண்டுபிடிக்கிற வழியை அடைத்துவிடுகிறது.

இதே எச்சரிக்கை உங்களுக்கு வந்தால், எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு வாரம் எண்ணைக் கவனித்துக் குறித்து வையுங்கள், தண்ணீர் குறையாமலும் முள் சிவப்பைத் தொடாமலும் இருக்கும்வரை. சிக்னலில் எவ்வளவு, ஐம்பது மைலில் எவ்வளவு, ஏசி போட்டால் எவ்வளவு, போடாவிட்டால் எவ்வளவு. எந்த மெக்கானிக்கிடம் போனாலும் அந்தத் தாளோடு போங்கள்.

அடுத்து கூலன்ட் மாற்ற வேண்டும். இதில் ஊற்றியிருப்பது ஆரஞ்சு நிற டெக்ஸ்-கூல். 5 வருஷம் அல்லது 1,50,000 மைல் வரும் என்பது கணக்கு. முன்பு வைத்திருந்தவரிடம் கடைசியாக மாற்றிய ரசீது இல்லாததால் கணக்கை முதலிலிருந்து தொடங்குகிறேன். பச்சை நிறப் பழைய வகையோடு கலக்காமல், வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி. காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்பும் விதத்தை அந்த வேலை முடிந்ததும் படங்களோடு எழுதுகிறேன்.